ஒரு சென்டிமீட்டரின் நியாயம்

2022 ஏப்ரலில் கோழிக்கோடு அருகே தேஞ்ஞிப்பலத்தில் ஃபெடரேஷன் கோப்பைத் தடகளப் போட்டி நடந்தது. ஆண்கள் நீளம் தாண்டுதலில் பாலக்காட்டைச் சேர்ந்த முரளி ஸ்ரீசங்கர் 8.36 மீட்டர் தாண்டினார். அது புதிய தேசிய சாதனை. ஆனாலும் தங்கம் அவருக்கு இல்லை. தூத்துக்குடி மாவட்டம் முதலூர்க்காரரான ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.37 மீட்டர் தாண்டி முதலிடத்தைப் பிடித்தார். சாதனையைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகத் தாண்டியும் அவர் பெயர் சாதனைப் பட்டியலில் ஏறவில்லை.

காரணம் காற்று. ஸ்ரீசங்கர் தாண்டியபோது முதுகுப் பக்கமிருந்து வீசிய காற்றின் வேகம் நொடிக்கு 1.5 மீட்டர். ஆல்ட்ரின் தாண்டியபோது 4.1 மீட்டர். சாதனைக்கு விதி அனுமதிக்கும் எல்லை நொடிக்கு 2.0 மீட்டர். போட்டியில் முந்தியவர் யார் என்பது ஒரு கேள்வி. எந்தச் சூழலில் எவ்வளவு தூரம் என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் தனித்தனி விடை இருக்கிறது என்பதைத் தடகள விதிகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஆல்ட்ரின் மறு வருடமே, 2023 மார்ச் 2 அன்று, கர்நாடகத்தின் பெல்லாரி விஜயநகரில் 8.42 மீட்டர் தாண்டித் தேசிய சாதனையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். இந்த முறை காற்றும் எல்லைக்குள் இருந்தது.

தேசியப் போட்டியில் காற்றை அளக்கக் கருவி உண்டு, குழிக்குக் குழி நடுவர்கள் உண்டு. நம் பள்ளி மைதானத்தில்? முதலூர் இருக்கும் வட்டாரம் 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அந்த மண்ணிலும், தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, பாளையங்கோட்டைப் பள்ளிகளிலும், வருடந்தோறும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் குழியில் குதிக்கிறார்கள், குண்டு எறிகிறார்கள். குறுவட்டத்தில் ஜெயித்தால்தான் வருவாய் மாவட்டம். அங்கே ஜெயித்தால்தான் மாநிலம். மாநிலத்தில் வாங்கும் சான்றிதழ் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடத்துக்கும், பிறகு அரசு வேலைக்கும் வழி திறக்கும். அந்தக் கதவின் தாழ்ப்பாள் பல நேரங்களில் ஒரு சென்டிமீட்டர் கனம்தான். அதைச் சரியாக அளக்கிறோமா என்பது சின்ன விஷயம் இல்லை.

இரண்டு வகைப் பிழை

குறையே இல்லாத மைதானம் உலகில் எங்கும் கிடையாது. ஆனால் எல்லாக் குறையும் அநியாயம் ஆகிவிடாது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

ஓர் உதாரணம். பூமி நடுக்கோட்டுப் பகுதியில் சற்றே புடைத்திருக்கிறது. சுழற்சியின் வேகமும் அங்கேதான் அதிகம். அதனால் நடுக்கோட்டுக்கு அருகே உள்ள திருநெல்வேலியில் புவியீர்ப்பு டெல்லியைவிட ஏறக்குறைய 0.1 சதவீதம் குறைவு. 15 மீட்டர் குண்டு எறியக்கூடிய ஒருவர் அதே பலத்தில் எறிந்தால், டெல்லியைவிட இங்கே ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதலாகப் போகும். இது உண்மையான சலுகைதான். ஆனால் பாளையங்கோட்டையில் நடக்கும் போட்டியில் எறியும் எல்லோருக்கும் அது கிடைக்கிறது. யாருக்கும் பாதகமில்லை.

குண்டு விழும் இடம் லேசாகச் சரிந்திருப்பதும் அப்படித்தான். சர்வதேச விதிப்படி எறியும் திசையில் 1000 மீட்டருக்கு 1 மீட்டருக்கு மேல் இறக்கம் இருக்கக் கூடாது. நம் பள்ளி மைதானம் 10 மீட்டரில் 10 சென்டிமீட்டர் இறங்கினால், குண்டும் ஏறக்குறைய அதே அளவு கூடுதல் தூரம் போகும். அன்றைய போட்டியின் முதல் மூன்று இடங்களை அது மாற்றாது.

ஆளுக்கு ஆள், தாண்டலுக்குத் தாண்டல் மாறும் பிழைதான் பிள்ளையின் இடத்தைப் பறிக்கிறது. காலை எட்டு மணிக்குத் தாண்டியவனுக்கு ஒரு மணல், பதினொரு மணிக்குத் தாண்டியவனுக்கு வேறு மணல். ஒருத்திக்கு டேப்பை இழுத்துப் பிடித்து அளக்கிறோம், அடுத்தவளுக்குத் தொய்வாக. பிழையை முழுக்க ஒழிக்க நம்மால் முடியாது. அதை எல்லோருக்கும் ஒன்றாக ஆக்க முடியும். போட்டி நடத்துபவரின் வேலை அதுதான். ஒரு குறுவட்டத்தின் அளவை இன்னொரு குறுவட்டத்தின் அளவோடு ஒப்பிட்டு ஆள் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் பொதுவான பிழையும் அநியாயமாக மாறிவிடும். அப்போது மைதானத்தின் சரிவையும் கணக்கில் எடுத்துத்தான் ஆகவேண்டும்.

ஆடி மாதத்தில் நீளம் தாண்டுதல்

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடக்கும்போது, செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் நெருக்கிக்கொண்டு நுழைகிறது. குறுகிய வாய் வழியாக அத்தனை காற்றும் போயாக வேண்டியிருப்பதால் வேகம் கூடுகிறது. குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருவதும், கயத்தாறு, முப்பந்தல், ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதும் இந்தக் காற்றுதான். தேசியக் காற்றாற்றல் நிறுவனம் தன் காற்றாலைச் சோதனை நிலையத்தைக் கயத்தாற்றில் வைத்திருப்பது சும்மா இல்லை. நம் குறுவட்டப் போட்டிகள் பலவும் இந்தக் காற்று வீசும் மாதங்களிலேயே நடக்கின்றன.

காற்றின் வேகத்தைக் கண்ணாலேயே ஓரளவு மதிப்பிடலாம். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805இல் வகுத்த அளவுகோல் அதற்கு உதவும். முகத்தில் காற்று படுவது தெரிகிறது, இலைகள் சலசலக்கின்றன என்றால் வேகம் நொடிக்கு 1.6 முதல் 3.3 மீட்டர். சின்னக் கொடி விரிந்து பறந்தால் 3.4 முதல் 5.4. புழுதியும் காகிதமும் எழும்பினால் 5.5க்கு மேல். மைதானத்தில் செம்மண் புழுதி எழும்பும் ஆடி மாத மதியத்தில் காற்று சாதனை எல்லையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் வீசுகிறது என்று அர்த்தம்.

பின்காற்று முக்கியமாக உதவுவது ஓடிவரும் வேகத்துக்கு. நொடிக்கு 2 மீட்டர் பின்காற்று 100 மீட்டர் ஓட்டத்தில் ஏறக்குறைய 0.1 நொடியைக் குறைக்கும். நீளம் தாண்டுதலில் தூரத்தைத் தீர்மானிப்பதில் ஓட்டத்தின் வேகமே முதலிடம். தேர்ந்த வீரர்களுக்கு நொடிக்கு 0.1 மீட்டர் வேகம் கூடினால் தாண்டல் 10 சென்டிமீட்டர் அளவுக்குக் கூடும் என்பது பயிற்சியாளர்களின் கைக்கணக்கு. இன்னொரு விளைவும் உண்டு. பின்காற்றில் ஒவ்வொரு எட்டும் சற்று நீளும். எண்ணி எண்ணிப் பழகிய ஓட்டம், கால் ஊன்றி எழும்ப வேண்டிய பலகையைத் தாண்டிப் போய்விடும். சிவப்புக் கொடி உயரும். பிள்ளை தன் காலைக் குற்றம் சொல்லிக்கொண்டு திரும்பும்.

காற்று எல்லோருக்கும் பொதுதானே என்று தோன்றலாம். ஒரே சீராக வீசினால் பொதுதான். ஆடிக்காற்று விட்டு விட்டு வீசும், ஒரு தாண்டலுக்கு உந்தும், அடுத்த தாண்டலுக்கு ஓயும். பொதுப் பிழை ஆளுக்கொரு பிழையாக மாறும் இடம் இது.

இதற்கு மூன்று காரியங்கள் செய்யலாம். முதலாவது, எந்தத் திசையில் ஓடித் தாண்டுவது என்பதைப் போட்டி தொடங்கும் முன் முடிவுசெய்து, கடைசித் தாண்டல் வரை மாற்றாமல் இருப்பது. இரண்டாவது, காற்றைப் பதிவு செய்வது. முறையான கருவி பலகைக்கு 20 மீட்டர் முன்னால், ஓடுபாதையிலிருந்து 2 மீட்டருக்குள், 1.22 மீட்டர் உயரத்தில் நிற்கும். ஓடிவருபவர் பலகைக்கு 40 மீட்டர் தொலைவில் இருக்கும் குறியைக் கடந்த நொடியிலிருந்து 5 நொடிக்கு அளக்கும். கருவி இல்லாத பள்ளி அதே இடத்தில் ஒரு குச்சியில் ரிப்பன் கட்டலாம். ரிப்பன் தொங்கியதா, படபடத்ததா, விரிந்து நின்றதா என்று ஒவ்வொரு தாண்டலுக்கும் பதிவேட்டில் ஒரு குறி போடலாம். மூன்றாவது, கடிகாரம். பெயரைக் கூப்பிட்டதிலிருந்து தாண்டத் தொடங்க ஒரு நிமிடம் அவகாசம் உண்டு. காற்று தனக்கு ஏற்றபடி வரும்வரை அந்த நிமிடத்துக்குள் காத்திருப்பது போட்டியாளரின் உரிமை. ஒருவனை “சீக்கிரம் ஓடு” என்று விரட்டிவிட்டு, அடுத்தவனை ஒன்றரை நிமிடம் நிற்க விட்டால் அங்கே காற்றின் மேல் பழி போட முடியாது. ஸ்டாப்வாட்ச் ஒன்று போதும்.

மணலின் பதம்

நீளம் தாண்டும் குழிக்கு உலகத் தடகள அமைப்பு கேட்பது கழுவிய ஆற்று மணல் அல்லது தூய படிக மணல். எந்த மணியும் 2 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. 0.2 மில்லிமீட்டருக்குக் குறைந்த தூசு எடையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பொதிகையிலிருந்து உருண்டு உருண்டு வந்த தாமிரபரணி மணல் இயல்பாகவே இந்த இலக்கணத்துக்கு நெருங்கியது. மூலை மழுங்கிய மணிகள், ஒன்றின் மேல் ஒன்று நழுவிக் காலுக்கு இடம் கொடுக்கும். அந்த மணலைக் கண்மூடித்தனமாக அள்ளியதில் ஆறே நொந்தது. பொதுவுடைமைத் தலைவர் இரா. நல்லகண்ணு 2010இல் தொடுத்துத் தாமே வாதாடிய வழக்கில், தாமிரபரணியில் மணல் அள்ள உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. ஆற்றைக் காப்பது குழியை நிரப்புவதைவிடப் பெரிய காரியம். அதனால் பள்ளிகள் இருக்கும் மணலைச் சலித்துக் கழுவித் திரும்பப் பயன்படுத்துவதுதான் முறை. எம்-சாண்ட் கொட்டுவது வேண்டாம். பாறையை உடைத்துச் செய்த அதன் மணிகளுக்குக் கூர்மூலை உண்டு. தூசும் சேர்ந்தால் இறுகிப்போகும், தோலையும் சிராய்க்கும்.

மணல் ஈரமாக இருக்க வேண்டும் என்று விதி சொல்வதற்கு இயற்பியல் காரணம் உண்டு. ஈரத்தில் மணிகளுக்கு நடுவே மெல்லிய நீர்ப்பாலங்கள் உருவாகி, நீரின் பரப்பு இழுவிசையால் மணிகளைக் கட்டிப்பிடித்துக்கொள்கின்றன. குதிகால் பதிந்த தடத்தின் ஓரம் செங்குத்தாக நிற்கிறது. நடுவர் துல்லியமாக ஊசி குத்தலாம். காய்ந்த மணலில் அந்தப் பிடிப்பு இல்லை. அது ஏறக்குறைய 30 முதல் 35 பாகைச் சரிவுக்கு மேல் நிற்காமல் உதிரும். தடத்தின் பின்விளிம்பு பலகையை நோக்கி இடிந்து வரும். அளப்பது பலகைக்கு மிக அருகே உள்ள விளிம்பிலிருந்துதான் என்பதால், தாண்டியவருக்குச் சில சென்டிமீட்டர் நஷ்டம். பனி ஈரம் இருக்கும் காலையில் ஒரு பிரிவும், வெயில் ஏறிய பிறகு இன்னொரு பிரிவும் தாண்டினால், இரண்டு பிரிவுக்கும் இரண்டு அளவுகோல் வைத்ததாகிவிடும். தீர்வு ஒரு வாளித் தண்ணீர்தான். புட்டுக்கு மாவு விரவும் பதம் இங்கேயும் சரி: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும்.

அடுத்தது மட்டம். மணலின் மேற்பரப்பு பலகையின் மேற்பரப்போடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஓடிவரும் வேகம் நொடிக்கு 7 மீட்டர், எழும்பும் கோணம் 20 பாகை என்று ஒரு மாணவனுக்கு வைத்துக் கணக்குப் போட்டால், அவன் தரையைத் தொடும்போது உடல் ஏறக்குறைய 32 பாகையில் இறங்குகிறது. மணல் 5 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் அவனுக்கு 8 சென்டிமீட்டர் இனாம். நல்லவர்கள் எல்லோரும் சுமாராக ஒரே இடத்தில் விழுவதால் அங்கேதான் பள்ளம் விழும். ஒவ்வொரு தாண்டலுக்கும் பிறகு கூட்டி நிரவாவிட்டால், பின்னால் வருபவருக்குப் பள்ளம் பரிசு கொடுத்துக்கொண்டே போகும். குழியின் இரண்டு ஓரக் கட்டைமேலும் மட்டப்பலகையை வைத்து இழுத்தால் மணல் சமமாகும். ஓரக் கட்டையும் பலகையும் ஒரே மட்டமா என்பதைக் காலையில் ஒருமுறை, கொத்தனார்கள் பிடிக்கும் தண்ணீர் டியூப்பை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பலகைக்கு முன்னால் ஓடுபாதை மண் குழியாகிவிடாமல் அவ்வப்போது நிரப்பி அழுத்துவதும் இதோடு சேர்ந்த வேலை.

டேப் சொல்லும் பொய்

அளக்கும்போது வரும் பிழைகளில் ஒரு விசேஷம் உண்டு: பெரும்பாலானவை ஒரே பக்கம்தான் சாயும். டேப் எப்படிக் கோணினாலும் தூரம் கூடத்தான் காட்டும்.

நீளம் தாண்டுதலில் தடத்திலிருந்து பலகைக் கோட்டுக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். தேவைப்பட்டால் கோட்டை இரு பக்கமும் நீட்டிக்கொள்ளலாம். பலகையில் கால் வைத்த இடத்துக்கே டேப்பை இழுப்பது தவறு. 5 மீட்டர் தாண்டியவர் பக்கவாட்டில் 1 மீட்டர் விலகி விழுந்திருந்தால், சாய்ந்த டேப் 5.09 என்று காட்டும். 9 சென்டிமீட்டர் சும்மா.

குண்டு எறிதலில் வட்டத்தின் விட்டம் 2.135 மீட்டர். தடத்திலிருந்து வரும் டேப் வட்டத்தின் மையத்தின் மேல் போக வேண்டும். அளவைப் படிப்பது விளிம்பின் உட்புறத்தில். மையத்துக்கு நேரே போகும் கோடுதான் தடத்துக்கும் விளிம்புக்கும் இடையே மிகக் குறுகிய தூரம். 10 மீட்டர் எறிந்தவருக்கு, விளிம்பில் டேப் 30 சென்டிமீட்டர் விலகிப் போனால் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் கூடிவிடும். வட்டத்தின் மையத்தில் ஓர் ஆணி அடித்துத் தலைக்குச் சிவப்புச் சாயம் பூசிவிட்டால் இந்தப் பிழை வராது.

டேப் தொய்ந்தாலும் தூரம் கூடும். 30 மீட்டர் டேப் நடுவில் அரை மீட்டர் தொங்கினால் 2 சென்டிமீட்டருக்கு மேல் கூடுதல் காட்டும். ஃபைபர் டேப் இழுக்க இழுக்க நீளும். அது குறைவாகக் காட்டும். இரும்பு டேப்தான் நம்பத் தகுந்தது. வெயிலில் 50 பாகை வரை சூடானாலும் 10 மீட்டருக்கு 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான் நீளும். எந்த டேப் ஆனாலும் முனையைப் பார்க்க வேண்டும். முன் பக்கம் அறுந்துபோய், 10 சென்டிமீட்டர் குறியிலிருந்து அளந்துவிட்டுக் கழிக்க மறப்பது பள்ளிகளில் நடக்கக்கூடியதே. முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை டேப்பின் இரண்டு முனையையும் அதே இருவர் பிடிப்பது நல்லது. அவர்கள் கையின் பழக்கம் எல்லோருக்கும் ஒன்றாகிவிடும்.

5.127 மீட்டர் என்று வந்தால் எழுத வேண்டியது 5.12. எப்போதும் கீழே உள்ள முழு சென்டிமீட்டர்தான். சந்தேகமில்லாமல் எட்டிய தூரத்தை மட்டுமே விதி ஏற்கிறது. ஒருவருக்குக் குறைத்தும் மற்றவருக்கு 5.13 என்று கூட்டியும் எழுதினால் அங்கேயே ஒரு இடம் மாறிவிடும்.

“முன்னதைவிடக் கம்மி, அளக்க வேண்டாம்” என்பது நேரத்தை மிச்சப்படுத்தும் பழக்கம். ஆனால் இருவருக்கும் சிறந்த தாண்டல் 5.12 ஆக இருந்தால் யார் முதல் என்பதை அவரவரின் இரண்டாவது சிறந்த தாண்டல்தான் தீர்மானிக்கிறது. அதை அளக்கவே இல்லை என்றால் முடிவை எங்கிருந்து எடுப்பது? போட்டிக்கு முன்பே அறிவித்த குறைந்தபட்சத் தூரத்தை எட்டாதவை தவிர, முறையாகத் தாண்டிய எல்லாத் தாண்டலையும் அளந்து எழுத வேண்டும்.

எறிதல் பகுதியைக் கயிறால் வரைவது

குண்டும் வட்டும் விழ வேண்டிய செக்டரின் கோணம் 34.92 பாகை. விசித்திரமான இந்த எண்ணைக் கோணமானி இல்லாமலே வரையலாம். வட்டத்தின் மையத்திலிருந்து இரண்டு பக்கமும் 20 மீட்டர் கயிறு இழுங்கள். இரண்டு முனைக்கும் நடுவே 12 மீட்டர் இருக்கும்படி வைத்தால் அதுதான் 34.92 பாகை. மைதானம் சின்னது என்றால் 10 மீட்டரும் 6 மீட்டரும். ஈட்டிக்கு, எறியும் வளைவுக்குப் பின்னால் இருக்கும் அதன் மையத்திலிருந்து 20 மீட்டரும், நடுவே 10 மீட்டரும். கண் மதிப்பில் சுண்ணாம்பு போட்டால் செக்டர் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அது வலக்கைக்காரருக்கும் இடக்கைக்காரருக்கும் ஒரே நியாயமாக இருக்காது.

காற்று விஷயத்தில் வட்டு தலைகீழ். பறக்கும் வட்டு ஓர் இறக்கையாக வேலை செய்வதால், எதிர்க்காற்று அதைத் தூக்கிப் பிடிக்கிறது. லித்துவேனியாவின் மிகோலஸ் அலெக்னா 2024 ஏப்ரலில் 74.35 மீட்டர் எறிந்து, 1986 முதல் அசையாமல் இருந்த 74.08 மீட்டர் உலக சாதனையை முறியடித்தது அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், காற்றுக்கென்றே பெயர்போன ராமோனா மைதானத்தில். வட்டு எறிதலுக்குக் காற்று எல்லை எதுவும் விதியில் இல்லை. மேற்கிலிருந்து வீசும் நம் ஆடிக்காற்றில், மேற்கு பார்த்து எறிந்த அளவையும் கிழக்கு பார்த்து எறிந்த அளவையும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. ஒரு பள்ளி மைதானத்து 38 மீட்டரும் இன்னொரு பள்ளி மைதானத்து 38 மீட்டரும் ஒன்றல்ல.

விதியே நடுவரின் கண்ணுக்காக மாற்றப்பட்ட கதையும் உண்டு. கிழக்கு ஜெர்மனியின் ஊவே ஹோன் 1984இல் 104.80 மீட்டர் ஈட்டி எறிந்தார். மைதானமே போதாமல் போகும் ஆபத்து ஒன்று. பழைய ஈட்டி பல நேரம் படுக்கையாக விழுந்து, முனைதான் முதலில் தொட்டதா என்று சண்டை மூண்டது இன்னொன்று. 1986இல் ஆண்கள் ஈட்டியின் எடைமையம் 4 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தப்பட்டது. ஈட்டி முனை குத்தி விழத் தொடங்கியது, தீர்ப்பும் தெளிவானது. தீர்ப்பு சொல்ல முடியாத விளையாட்டை நியாயமாக நடத்த முடியாது என்பதற்காகக் கருவியையே மாற்றினார்கள்.

உயரம் தாண்டுதலில் எண்ணும் கணக்கு

உயரத்தைக் குறுக்குக் கம்பின் நடுவே, அதன் மேற்பக்கத்தில் மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து தரைக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். கம்பின் தொய்வு 2 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கம்பு விழுந்த பிறகு திருப்பி வைத்தால் வளைவு மேல்நோக்கி வந்து, அடுத்த பிள்ளைக்கு உயரம் கூடிவிடும். கம்பின் ஒரு முனையில் சாயம் பூசி, எப்போதும் அதே பக்கம், அதே முகம் மேலே இருக்கும்படி வைக்க வேண்டும்.

சண்டை வருவது சமநிலையில்தான். இசக்கி, பேச்சி என்று இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொள்வோம். இருவரும் 1.30 மீட்டரை இரண்டாவது முயற்சியில் தாண்டுகிறார்கள், 1.35இல் மூன்று முறையும் கம்பு விழுகிறது. இசக்கிக்கு 1.25இல் ஒரு தவறு இருந்தது. பேச்சிக்கு அதுவும் இல்லை. விதி முதலில் கடைசியாகத் தாண்டிய உயரத்தில் யாருக்குத் தவறு குறைவு என்று பார்க்கிறது. அங்கே இருவரும் சமம். அடுத்தபடியாக அந்த உயரம் வரை மொத்தத் தவறுகளை எண்ணுகிறது. இசக்கிக்கு இரண்டு, பேச்சிக்கு ஒன்று. பேச்சி முதல். 1.35இல் விழுந்த மூன்றும் இந்தக் கணக்கில் சேராது. இதுவும் சமமானால், முதலிடத்துக்கு மட்டும் மீண்டும் தாண்டிப் பார்க்கலாம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கத்தாரின் பார்ஷிமும் இத்தாலியின் தம்பேரியும் 2.37 மீட்டர் வரை ஒரு தவறும் செய்யாமல் 2.39இல் நின்றார்கள். மீண்டும் தாண்ட வேண்டாம் என்று இருவரும் முடிவெடுக்க விதி இடம் தந்தது. தங்கம் இருவருக்கும்.

இதெல்லாம் நடக்க ஒவ்வொரு முயற்சிக்கும் வட்டம், பெருக்கல், கோடு என்று அட்டையில் அப்போதே குறி போட்டிருக்க வேண்டும். பிற்பகல் நான்கு மணிக்கு நினைவிலிருந்து எழுதும் அட்டை யாரையும் காப்பாற்றாது.

“கூப்பிட்டோம்லா, எங்க போன?”

பள்ளிப் போட்டிகளில் அதிகமாகக் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். நீளம் தாண்டுதலில் பெயர் கூப்பிடும்போது அந்தப் பிள்ளை 100 மீட்டர் ஹீட்ஸில் கோட்டில் நிற்கிறது. திரும்பி வரும்போது அதன் வாய்ப்பு போய்விட்டது. விதி இதற்கு வழி வைத்திருக்கிறது. வேறு போட்டியில் ஓட வேண்டியவர்களை அந்தச் சுற்றுக்குள் முன்னாலோ பின்னாலோ தாண்ட நடுவர் அனுமதிக்கலாம். பிள்ளை போகுமுன் சொல்லிவிட்டுப் போக வேண்டும், நடுவர் அதைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

நேரக் கணக்குதான் அநியாயத்தின் வேர். ஒரு வயதுப் பிரிவில் 60 பேர் பெயர் கொடுத்தால், ஆளுக்கு மூன்று தாண்டலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடமும் சேர்த்து மூன்று மணி நேரம். அதற்குள் உச்சி வெயில் வந்துவிடும். அவசரத்தில் இரண்டாகப் பிரித்து இரண்டு குழியில் நடத்தினால் இரண்டு மணல், இரண்டு டேப், இரண்டு நடுவர். அதைவிட, எல்லோரும் ஒரே குழியில் தகுதிச் சுற்றில் தாண்டட்டும். முன்னேறிய பன்னிரண்டு பேருக்கு முழுச் சுற்றுகள் நடக்கட்டும். அல்லது குழியில் ஒரு கயிறு போட்டு, அதைத் தாண்டாதவற்றை அளக்காமல் விடலாம். எந்த வழியானாலும் முதல் பிள்ளை ஓடுமுன் அறிவித்தாக வேண்டும். வரிசையைச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். வருகைப் பதிவேட்டின் அகர வரிசை எப்போதும் அதே பிள்ளைகளைத்தான் முன்னால் நிறுத்தும்.

இத்தனையும் ஒரே பி.இ.டி. சாரின் தலையில் விழுந்தால் நடக்காது. ஒரு குழிக்கு ஐந்து பேர் வேண்டும்: கால் பலகையில் ஒருவர், தடத்தில் ஒருவர், டேப்பில் ஒருவர், எழுத ஒருவர், மணல் நிரவ ஒருவர். பலகையைக் கவனிப்பவர் கோட்டுக்கு நேராக உட்கார வேண்டும். 2021 நவம்பர் முதல், பலகைக் கோட்டின் செங்குத்துத் தளத்தைக் கால்முனை கடந்தாலே தவறு. ஷூ முனை பலகைக்கு 3 சென்டிமீட்டர் மேலே இருக்க, நடுவர் கோட்டுக்கு ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 2 சென்டிமீட்டர் இடம் மாறித் தெரியும். சின்னப் பயிற்சி கொடுத்தால் பிளஸ் டூ மாணவர்கள் இந்த வேலைகளை நன்றாகச் செய்வார்கள். கோணமும் சராசரியும் பிழையும் அவர்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன. மைதானத்தில் அவற்றைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

எல்லோரும் பார்க்க அளப்பது

விலையுயர்ந்த கருவி வந்தால் நியாயம் தானாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டியபோது ஒளிக்கருவியின் தண்டவாளம் அவ்வளவு தூரத்துக்கு நீளவில்லை. கடைசியில் இரும்பு டேப்பைத்தான் கொண்டுவந்து அளந்தார்கள். 1987இல் ரோம் உலகப் போட்டியில் நடந்தது இன்னும் பாடம். இத்தாலியின் ஜியோவானி எவாஞ்சலிஸ்தி கடைசித் தாண்டலில் 8.38 மீட்டர் எடுத்ததாக அறிவித்து அவருக்கு வெண்கலம் கொடுத்தார்கள். அந்த எண்ணை நடுவர்களே முன்கூட்டி ஏற்பாடு செய்திருந்தது பிறகு விசாரணையில் வெளிவந்தது. பதக்கம் 8.33 மீட்டர் தாண்டிய அமெரிக்காவின் லாரி மைரிக்ஸுக்குப் போனது. கருவி பொய் சொல்லவில்லை. அதைப் பார்க்க வேண்டியவர்களுக்கு மறைத்து வைத்தார்கள்.

பள்ளிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள் வைக்க வேண்டுமானால் நான் இதைத்தான் வைப்பேன். அளவைச் சத்தமாகப் படியுங்கள். தாண்டிய பிள்ளை டேப்பைத் தானே பார்க்கட்டும். போட்டி முடிந்ததும் பதிவேட்டின் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்: எல்லாப் பெயரும், எல்லா முயற்சியும், தவறுகளும், ரிப்பன் எப்படிப் பறந்தது என்ற குறிப்பும். மணலும் தண்ணீரும் இரும்பு டேப்பும் கயிறும் ஸ்டாப்வாட்சும் எந்தப் பள்ளிக்கும் எட்டாத செலவு இல்லை. பதிவேட்டைத் திறந்து வைக்க அதுவும் வேண்டாம், மனம் போதும்.

ஜெயித்த பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைத்துவிடும். தோற்ற பிள்ளைக்கு நாம் கொடுக்கக்கூடியது சரியாக அளந்த மூன்று எண்கள். 4.61, 4.70, 4.66 என்று அதன் கையில் இருந்தால், அடுத்த ஆடிக்குள் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று அதற்குத் தெரியும். அந்த எண்களை நம்பி உழைக்கலாம் என்ற உறுதியைக் கொடுப்பது நம் கடமை.